படகுத்துறை முந்தியது, பள்ளிக்கூடம் பிந்தியது



கோவிட் கிருமி நம்மைப் படுத்திய பாட்டை இன்று யாரும் பேச விரும்புவதில்லை. மிச்சமிருந்த முகக்கவசம் பெட்டியோடு மூலையில் கிடக்கிறது. பேச்சை எடுத்தால், "விடுங்கண்ணே, அது முடிஞ்சுபோன கதை" என்கிறார்கள். முடிந்த கதைதான். ஆனாலும் சம்பள நாளில் சீட்டை வரி வரியாகப் படித்து, கொடுத்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று பார்க்கிறோம் அல்லவா? இந்தக் கதைக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதை நாம் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

நோய் பரவியபோது நாட்டில் பல கதவுகள் மூடப்பட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. எது முதலில் திறந்தது, எது கடைசியில் திறந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், யாருடைய காரியம் அவசரமாகக் கருதப்பட்டது என்பது தானே விளங்கும். எல்லாக் கதவுகளையும் பேச இந்தப் பக்கத்தில் இடமில்லை. சுற்றுலாத் தலம், பள்ளிக்கூடம் என்ற இரண்டை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

மூன்று முறை நடந்தது

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பள்ளிக்கூடம், கோயில், கடைத்தெரு, சுற்றுலாத் தலம் எல்லாம் ஒன்றாக மூடப்பட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் பிடிபடாத புது நோய். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. மூடத்தான் வேண்டும்.

திறந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் 10ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகும் தடை நீங்கியது. உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு வழி விடப்பட்டது. ஜூன் 19இல் கெந்திங் மலை திறந்தது. ஜூன் 24இல் பள்ளிக்கூடம் திறந்தது; ஆனால் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். ஒன்றாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை படிக்கும் நம்ம வீட்டுச் சின்னஞ்சிறுசுகள் பள்ளி வாசலை மிதித்தது ஜூலை 22ஆம் தேதி. சுற்றுலாவுக்கும் அவர்களுக்கும் நடுவே சரியாக ஆறு வாரம்.

இரண்டாவது முறை. 2020 செப்டம்பர் 26இல் சபாவில் தேர்தல் நடந்தது. அதன் பிறகு தொற்று மளமளவென்று ஏறியது. நவம்பர் 9 முதல் நாடு முழுவதும் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. தொற்று இறங்கியதா? இல்லை. ஆனாலும் டிசம்பர் 7ஆம் தேதி மாநிலப் பயணத் தடை நீக்கப்பட்டது. ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஜனங்கள் காரில் கிளம்பிவிட்டார்கள். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் தொற்று 3,000ஐத் தாண்டியது. ஜனவரி 13இல் பல மாநிலங்களில் மீண்டும் ஆணை வந்தது. டிசம்பர் பாதிக்கு மேல் பள்ளி விடுமுறைதானே என்று சிலர் கேட்கலாம். சரி, அதை ஒத்துக்கொள்வோம். ஆனால் ஜனவரி 20ஆம் தேதி தவணை தொடங்கியபோதும் பள்ளிக்குப் போனவர்கள் தேர்வு எழுதுகிறவர்கள் மட்டுமே. ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 2021 மார்ச் 1இல் போனார்கள். மற்ற ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் மார்ச் 8இல் போனார்கள்.

மூன்றாவது முறைதான் மிகப் பெரியது. 2021 மே மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 1இல் முழு முடக்கம். ஆகஸ்ட் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. நாம் கண்ட எண்ணிக்கையில் அதுவரை அதுதான் உச்சம். மருத்துவமனைகளில் கட்டில் போதவில்லை. அந்த நிலையில் செப்டம்பர் 16ஆம் தேதி லங்காவித் தீவு உள்நாட்டுச் சுற்றுப்பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்றைய தொற்று 18,000க்கும் மேல். பள்ளிக்கூடங்கள் அக்டோபர் 3 முதல்தான், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் கட்டம் பார்த்து, தேர்வு எழுதுகிறவர்கள் முதலில், மற்றவர்கள் பிறகு, பாதிப் பாதியாகச் சுழற்சி முறையில் திறந்தன. நாட்டில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி போட்டு முடிந்த கையோடு, அக்டோபர் 11இல் மாநிலப் பயணத் தடையும் நீங்கியது.

ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். மூன்று முறையும் பயணக் கதவு முந்தியது. சின்னப் பிள்ளைகளின் வகுப்புக் கதவு பிந்தியது.

தோட்டம் மட்டும் மூடவே இல்லை

இந்த இரண்டு கதவுகளுக்கும் அப்பால் மூன்றாவது கதவு ஒன்று உண்டு. அது நம்முடைய வேலைக்காடு. அது மூடவில்லை. சபாவில் சில மாவட்டங்களில் 2020 மார்ச் கடைசியில் தோட்ட வேலையை நிறுத்தினார்கள். மற்றபடி தோட்டத் தொழில் அத்தியாவசியத் தொழில் என்று ஆணைக்கு வெளியே வைக்கப்பட்டது. பால்மரம் காத்திருக்காது, பழுத்த குலை காத்திருக்காது என்பது நமக்கும் தெரியும். வேலை இருந்ததால்தான் அடுப்பு எரிந்தது. பட்டணத்தில் வேலை போய், 2021 ஜூலையில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டி உதவி கேட்ட குடும்பங்களைப் பார்த்தபோது, நமக்கு வேலையாவது இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டவர்கள் நாம்.

அதே 2021 அக்டோபரில் கச்சாப் பனை எண்ணெய் டன்னுக்கு 5,000 வெள்ளியைத் தாண்டியது. 2022 மார்ச்சில் 7,000 வெள்ளியையும் தாண்டியது. அந்த நாளில் நகராண்மைக் கழக எல்லைக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. நாடே வீட்டுக்குள் இருந்தபோது குலை வெட்டியவர்களும், உதிரிப்பழம் பொறுக்கியவர்களும், பால் எடுத்தவர்களும்தான் அந்த ஏற்றுமதியைத் தாங்கிப் பிடித்தார்கள்.

சரி, தகப்பன் காலையில் பிரட்டுக்குப் போய்விட்டான். தாயும் பழம் பொறுக்கப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. பிள்ளை எங்கே இருந்தது?

பட்டணத்து அலுவலகத் தொழிலாளி வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பக்கத்து நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்துக் கணினியில் பாடம் பார்க்கச் சொன்னார். அவருக்கும் சிரமம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செம்பனைக் குலையை வீட்டிலிருந்து வெட்ட முடியாது. வீட்டிலிருந்து கற்றல் கற்பித்தல் என்ற திட்டம், வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார், ஒரு கருவி இருக்கும், அலைக்கோடு கிடைக்கும் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் கட்டப்பட்டது. தோட்டத்தில் மூன்றும் ஆட்டம் கண்டன.

கல்வி அமைச்சே 2020இல் பெற்றோரிடம் ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்பது அதில் தெரிந்தது. இது நாடு முழுமைக்குமான கணக்கு. பட்டணத்துப் பிள்ளைகளையும் சேர்த்தது. இருந்தவர்களிலும் பலரிடம் இருந்தது கைப்பேசிதான். நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போனபோது கண்டது இதுதான்: வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் தகப்பனுடையது. அது காலையில் அவர் சட்டைப் பையில் காட்டுக்குப் போகிறது. ஆசிரியை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறார். தகப்பன் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார நாலு மணி ஆகிறது. அதற்குள் மூன்று பிள்ளைகளின் பாடம் சேர்ந்து கிடக்கிறது. யார் முதலில் பார்ப்பது என்று அடிதடி.

ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "அண்ணே, மூத்தவனுக்குப் பரீட்சை, அவன் பாக்கட்டும்னு விட்டுட்டேன். சின்னவ அழுவா. நாளைக்குப் பாக்கலாம்டான்னு சொல்லுவேன். அந்த நாளைக்கு வரவே இல்லண்ணே."

சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுத அலைக்கோடு தேடி மரத்தில் ஏறி இரவைக் கழித்த செய்தி 2020 ஜூனில் நாடெங்கும் பேசப்பட்டது. நம் தோட்டங்களில் மேட்டு நிரையிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் நின்று பாடம் இறக்கிய பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆசிரியர்களை இந்த இடத்தில் மறக்கக்கூடாது. பாடத்தை அச்சடித்து, மோட்டார் சைக்கிளில் வைத்து, லயத்து வாசலில் கொடுத்துவிட்டுப் போன ஆசிரியர்கள் உண்டு. தங்கள் கைக்காசில் அலைக்கற்றைப் பணம் ஏற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நல்லவர்களின் கைக்காசை நம்பி ஒரு நாட்டின் கல்வியை நடத்த முடியாது.

ஒரு பிள்ளையின் கணக்கு

2020 ஜனவரியில் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். புதுச் சட்டை, புதுப் பை. ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் நடுவரை பள்ளிக்குப் போனது. இரண்டரை மாதம். ஜூலை 22இலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை மூன்றரை மாதம். மார்ச் 1இலிருந்து மே மாதம் வரை இன்னொரு இரண்டரை மாதம். இதையெல்லாம் கூட்டினால், நடுவில் வந்த சிறு விடுமுறைகளையும் சேர்த்தே, எட்டரை மாதம். 2020 ஜனவரியிலிருந்து 2021 செப்டம்பர் வரை மொத்தம் 21 மாதங்கள். வழக்கமான விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை.

அந்த 21 மாதங்கள் எந்த வயதில் வந்தன? எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில். அ, ஆ எழுதி, உயிர்மெய் பழகி, வாய்ப்பாடு மனப்பாடம் ஆகும் வயதில். அதோடு மலாயும் ஆங்கிலமும் காதில் ஏற வேண்டிய வயதில். பதினான்கு வயதுப் பிள்ளை ஆறு மாதம் விட்டாலும் புத்தகத்தை எடுத்து ஓரளவு தானே படிக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தே இன்னும் கைவரவில்லையே, அது எதைப் பார்த்துத் தானே படிக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து விரல் பிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் 2026இல் முதலாம் படிவத்துக்கு உரியவர்கள். அவர்களில் தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு மலாய் வழிப் பாடம் காத்திருக்கிறது. ஆரம்பத்தில் விட்ட எழுத்து, அங்கே கணிதமாகவும் அறிவியலாகவும் வந்து முட்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டதால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஆறாம் ஆண்டு முடிவில் பளிச்சென்று தெரியும் வழியும் பல பெற்றோருக்கு இல்லை. அதனால்தான் இது முடிந்துபோன கதை இல்லை என்கிறோம்.

லங்காவிக்காரர்கள் மேல் குற்றமில்லை

இதைப் படித்துவிட்டு, தீவைத் திறந்ததே தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லங்காவியில் படகு ஓட்டுகிறவர், ஓட்டலில் கட்டில் விரிக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், தீனிக்கடை போட்டவர் எல்லாரும் நம்மைப் போன்ற தொழிலாளிகள்தான். 2019இல் நம் நாட்டுக்கு 2 கோடியே 61 லட்சம் சுற்றுப்பயணிகள் வந்தார்கள். 2020இல் அது 43 லட்சமாகச் சுருங்கியது. எல்லை மறுபடியும் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். அவ்வளவு நாளும் அந்தத் தொழிலாளி எதைச் சாப்பிடுவார்? தோட்டத்தை விட்டுப் போன நம் பிள்ளைகளிலும் ஓட்டல் வேலையிலும் பேருந்து வேலையிலும் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கும் வயிறு உண்டு.

லங்காவியைச் சும்மாவும் திறந்துவிடவில்லை. தீவு மக்களுக்கு முன்கூட்டியே விரைந்து தடுப்பூசி போட்டார்கள். பெரியவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஊசியும் போட்ட பிறகே திறந்தார்கள். வருகிற பெரியவர்களும் இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும். விமானத்திலோ படகிலோ ஏறுவதற்கு முன் பரிசோதனை உண்டு. நாள் குறித்து, விதி எழுதி, ஆள் நிறுத்தி, ஒரு முன்னோடித் திட்டமாக நடத்தினார்கள்.

நம்முடைய கேள்வி இங்கேதான் வருகிறது. ஒரு தீவைத் திறக்க இவ்வளவு ஆயத்தம் செய்ய முடிந்தது. அதே கெடா மாநிலத்தின் கரையில் இருக்கும் தோட்டங்களில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து, இதேபோல ஊசி, பரிசோதனை, விதி எல்லாம் வைத்து, "முதலில் இதைத் திறந்து பார்ப்போம்" என்று ஒரு முன்னோடித் திட்டம் போடக்கூடாதா? சுற்றுலா முதலாளிகள் ஒன்றுகூடிக் கேட்டார்கள், கிடைத்தது. தோட்டத்துப் பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்டோமா? நமக்காகக் கேட்க யார் போனார்கள்? இந்தக் கேள்வி சங்கத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் சேர்த்துத்தான்.

பயமும் நியாயமானதே

பள்ளி திறந்தபோது பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லக்கூடாது. லயத்து வீட்டில் ஒரு கூடம், இரண்டு அறை. அதில் பாட்டி, அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள். பிள்ளை கிருமியைக் கொண்டுவந்தால் பாட்டியை எங்கே ஒதுக்கி வைப்பது? 2021 முடிவுக்குள் நாட்டில் 31,000 பேருக்கும் மேல் இந்த நோய்க்குப் பலியானார்கள். அதில் நமக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். கடைசி முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் செய்த வீட்டில் போய் "தைரியமாப் பிள்ளையை அனுப்புங்க" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஊசி 2021 செப்டம்பரில்தான் நாடளவில் தொடங்கியது. ஐந்து வயது முதல் பதினொன்று வரை உள்ளவர்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் வந்தது. ஆக, பள்ளிகள் திறக்கத் தொடங்கிய நேரத்தில் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊசி இல்லை.

இன்று மருத்துவர்கள் சொல்வது என்ன? இந்தக் கிருமி முக்கியமாகக் காற்றில் பரவுகிறது. அடைத்த அறையில், குளிர்சாதனம் போட்டு, பலர் நெடுநேரம் ஒன்றாக இருந்தால் ஆபத்து அதிகம். சன்னல் திறந்து காற்றோடும் இடத்தில் குறைவு. பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் லேசாகப் போய்விடுகிறது. வயதானவர்களுக்கும் சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்களுக்கும்தான் உயிர் ஆபத்து. அவர்களுக்கு முதலில் ஊசி போட்டுவிட்டால் பாதிப் பயம் போகும். குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யூனிசெஃப், பள்ளிகளைக் கடைசியாக மூடி முதலில் திறக்க வேண்டும் என்று அந்த நாளிலேயே திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது.

சின்னப் பள்ளிக்குச் சின்னப் பள்ளியின் பலம்

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறு பள்ளிகள். தோட்டத்துக்குள் இருக்கும் சில பள்ளிகளில் மொத்தப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடலாம். "பிள்ளைகள் குறைவு, எதுக்கு இந்தப் பள்ளி?" என்று வழக்கமாக நம்மை இளக்காரம் செய்கிறார்கள். தொற்றுக் காலத்தில் அந்தக் குறைவே பலம். ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர். இரண்டு பக்கமும் சன்னல். வெளியே திடல், மர நிழல். இடைவெளி விட்டு உட்காரச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. தோட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் ஒரே லயத்துப் பிள்ளைகள். பள்ளி மூடியிருந்தபோது அவர்கள் தனித்தனியாகவா இருந்தார்கள்? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே திடலில் பந்து விளையாடினார்கள், ஒரே ஆற்றில் மீன் பிடித்தார்கள். ஒருவன் வீட்டுக் கைப்பேசியை ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கூடிக் கலந்து இருந்தவர்களை வகுப்பறையில் உட்கார வைக்காததால் கிருமியைத் தடுத்தோமா, பாடத்தை மட்டும் தடுத்தோமா? இரண்டாயிரம் பிள்ளைகள் பேருந்தேறி வரும் பட்டணத்துப் பள்ளியும் நாற்பது பிள்ளைகள் நடந்து வரும் தோட்டப் பள்ளியும் ஒன்றல்ல. ஆனால் 2020 நவம்பரில் இரண்டும் ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் மூடப்பட்டன.

கேமரன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தேயிலைத் தோட்டமே சுற்றுலாத் தலம். பயணத் தடை நீங்கிய நாட்களில் கார்கள் ஊர்ந்து போய் அந்தப் பச்சைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டன. படத்தில் தெரியும் சரிவில்தான் லயமும் இருக்கிறது, தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. தோட்டத்தைப் பார்க்க ஜனங்கள் வரலாம் என்றால், தோட்டத்துப் பிள்ளை நூறடி நடந்து வகுப்புக்குப் போகவும் ஒரு வழி செய்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் தொழிலாளர் விவகாரம்தானா, சங்கக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று எழுதியது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கல்விச் சட்டம் அல்ல, தொழிலாளர் சட்டம். தோட்டப் பள்ளி பிறந்ததே கூலிக்காரன் கணக்கில்தான். அதனால் அதன் சாவியைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இனி ஒன்று வந்தால்

இந்தக் கிருமி கடைசிக் கிருமி இல்லை. 1918இல் விஷக்காய்ச்சல் வந்தபோதும் மலாயாவில் தோட்டத்து மக்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. நூறு ஆண்டு கழித்து கோவிட் வந்தது. அடுத்தது எப்போது என்று யாரும் நாள் குறிக்க முடியாது. சுற்றுலாத் துறைக்குப் பேச ஆள் இருக்கிறது. 2026ஐச் சுற்றுலா ஆண்டாகவே நாடு அறிவித்திருக்கிறது. அவர்கள் ஆயத்தமாகத்தான் இருப்பார்கள். நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கிளைக் கூட்டங்களில் பேசி, எழுத்தில் வைக்க வேண்டியவை இவை:

1. மூடுவதும் திறப்பதும் பள்ளியின் அளவையும் வட்டாரத் தொற்றையும் பார்த்து முடிவாக வேண்டும். சிறு பள்ளிகளுக்குத் தனி விதி வேண்டும். ஒரே ஆணையில் எல்லாவற்றையும் பூட்டக் கூடாது.

2. தடுப்பூசி தோட்டத்துக்கு வர வேண்டும். ஊசிக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து பட்டணம் போகும் நிலை கூடாது. வயதானவர்கள் முதலில், ஆசிரியர்களும் ஆயாக்களும் அடுத்து.

3. பெற்றோர் இருவரும் வேலைக்காட்டில் இருக்கும் காலத்தில் பள்ளி மூடினால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகையோ சமூக மண்டபமோ நிர்வாகப் பொறுப்பில் நடக்க வேண்டும். தோட்டம் அத்தியாவசியம் என்றால், தோட்டத்துப் பிள்ளையும் அத்தியாவசியம்.

4. தனிமைப்படுத்தும் ஆணை வந்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. சம்பளம் போகும் என்ற பயத்தால்தான் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பிரட்டுக்கு வருகிறார்கள்.

5. கருவியும் அலைக்கோடும் நோய் வந்த பிறகு தேடும் பொருள்கள் அல்ல. 2021இல் கொடுக்கத் திட்டமிட்ட 1,50,000 கருவிகள் தேவைக்கு முன் மிகக் கொஞ்சம். ஒவ்வொரு தோட்டப் பள்ளியிலும் இரவல் கொடுக்கும் கருவிகள் இப்போதே இருக்க வேண்டும்.

6. இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இன்று நம்மோடு ஒரே காட்டில் வேலை செய்கிறார்கள். ஊசியும் பரிசோதனையும் அவர்களுக்கும் உண்டு என்றால்தான் நமக்கும் பாதுகாப்பு. கிருமி கடப்பிதழ் கேட்பதில்லை.

இதில் எதுவும் ஆகாத காரியம் இல்லை. ஒரு தீவுக்குச் செய்து காட்டியதைத்தான் கேட்கிறோம்.

இன்று வீட்டில் செய்யக்கூடியது

அரசாங்கத்திடம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2020, 2021இல் சின்ன வகுப்பில் இருந்த பிள்ளைகள் இப்போது நம் வீட்டில் வளர்ந்து நிற்கிறார்கள். இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பத்திரிகையையே அவர்கள் கையில் கொடுத்து, ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள். "எருமை, இதுகூடத் தெரியலையா?" என்று சொன்னால் அன்றோடு புத்தகத்தை மூடிவிடுவான். அவன் தவறு செய்யவில்லை. அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். எங்கே இடறுகிறான் என்று கேளுங்கள். மலாய்ப் பாடத்தையும் கேளுங்கள். ஒரே நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தால், கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை வகுப்பு நடத்தலாம். தோட்டத்தில் படித்து ஆறாம் படிவம் முடித்த அக்காமார், அண்ணன்மார் இல்லாத ஊர் எது? கேட்டால் வருவார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வேலை முடிந்து அலுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தால், தோட்டத்துக்காரர்களுக்குப் பள்ளியில் அக்கறை இல்லை என்று குறிப்பு எழுதிவிடுவார்கள். மேலே சொன்ன ஆறையும் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஒரு நகல் கிளைச் செயலாளரிடம், ஒரு நகல் தலைமையாசிரியரிடம். தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடியும் ஒரு நோய் வந்து கதவுகள் மூடும் நாள் வந்தால், எதை முதலில் திறப்பது என்று மேலே கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு தொடங்கும்போது நம் கடிதம் அவர்கள் மேசையில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.